காலையில் தங்கம், மாலையில் சனியன்

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் பட்டினத்தார் இருக்கிறார். மேற்கு வாசலில் பத்திரகிரியார். பத்திரகிரியார் ஒரு காலத்தில் அரசராக இருந்தவர் என்பது மரபு. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பட்டினத்தாருக்குச் சீடராகி, பிச்சை எடுத்து வந்து குருவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் உண்டு வாழ்ந்தார். கையில் ஒரு திருவோடு, காலடியில் ஒரு நாய். ஒருநாள் சிவபெருமானே பரதேசி வேடத்தில் வந்து கிழக்கு வாசலில் கை நீட்டினாராம். தன்னிடம் ஒன்றுமில்லை, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேள் என்று அனுப்பிவிட்டார் பட்டினத்தார். அந்தச் சொல் மேற்கு வாசலுக்கு வந்து சேர்ந்ததும் பத்திரகிரியார் துடித்துப்போனார். அரசையே விட்டு வந்தவனைச் சம்சாரி ஆக்கியது இந்த ஓடும் நாயும்தானே என்று ஓட்டை வீசி எறிந்தார். ஓடு உடைந்தது. அது பட்டு நாய் செத்தது.

சொற்பொழிவுகளில் இதைப் பற்றறுத்த கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறு இரண்டு செய்திகள் தெரிகின்றன. அந்தத் தெருவில் போகிற யாரோ ஒருவர் சம்சாரி என்று சொல்லியிருந்தால் பத்திரகிரியார் காதில்கூடப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். சொன்னவர் குரு என்பதால்தான் அது தைத்தது. அப்புறம், அடி விழுந்தது சொன்னவர் மேலும் இல்லை, கேட்டவர் மேலும் இல்லை. அங்கே இருந்ததிலேயே எளிய உயிரின் மேல் விழுந்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கூப்பிடும் இழிபெயர்கள் பற்றி மனநல அறிவியல் கண்டறிந்ததில் பாதி இந்தக் கதைக்குள் அடங்கிவிடும்.

பத்திரகிரியாராவது வளர்ந்த மனிதர். நான்கு வயதுக் குழந்தைக்கு அம்மாவும் அப்பாவும் குரு மட்டுமா? சோறும் தூக்கமும் உலகமும் அவர்கள்தான். அவர்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது பொய்யாக இருக்கலாம் என்று நினைக்கக்கூட அந்தக் குழந்தைக்கு இடமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கடுமையான பெயரெல்லாம் கொடுமையான பெயர் அல்ல. காவிரிப் படுகை ஊர்களில் குப்பு, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், தவிட்டான் என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் பிள்ளையை இழிவுபடுத்த வைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்த தாய் அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற என்னவெல்லாமோ செய்தாள். பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்து எடுப்பார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப 'வாங்கி'க்கொள்வார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயரிடுவார்கள். எமன் கண்ணுக்கு இந்தப் பிள்ளை விலை போகாததாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். நெல்லும் தவிடும் புரளும் ஊரில் தவிட்டைவிட மலிவான பொருள் ஏது? வீட்டுக்குள் அந்தப் பிள்ளைக்குத்தான் செல்லம் அதிகம். தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் அந்தப் பெயரோடேயே சங்கீத உலகில் நிலைத்தார்.

ஆகவே ஒரு பெயர் இழிவா இல்லையா என்பதை அகராதி முடிவு செய்வதில்லை. அந்தப் பெயரை யார் பொருட்டு வைத்தார்கள், எந்தக் குரலில் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. குப்பம்மாள் பிள்ளைக்காக வைக்கப்பட்ட பெயர். நான் சொல்லப்போகும் பெயர்கள் பெற்றவரின் தேவைக்காக வைக்கப்படுபவை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்று பெயரிடும் வழக்கம் மதுரைப் பக்கம் இருந்தது. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் பெண் குழந்தைகளுக்கு வேண்டாம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் நகுசா என்பார்கள், வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபர் 22 அன்று அந்த மாவட்ட நிர்வாகம் ஒரே விழாவில் 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தது. அந்தப் பெற்றோருக்கு மனநோய் கிடையாது. ஊரே ஆண்பிள்ளைக்கு ஏங்குகிற நோய் அது. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த சிறுமிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? பள்ளியில் வருகை எடுக்கும் ஒவ்வொரு காலையும் அவள் எழுந்து நின்று, தான் வேண்டாதவள் என்பதற்கு 'உள்ளேன்' சொல்லியாக வேண்டும். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. அதில் சிறுமிகளில் 48.4 விழுக்காட்டினர் ஆணாகப் பிறந்திருக்கலாமே என்று ஏங்கியிருந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு குழந்தைகளில் ஒன்று மனத்தைப் புண்படுத்தும் வகையில் நடத்தப்பட்டதாகச் சொன்னது. அப்படி நடத்தியவர்கள் யார் என்று பார்த்தால் 83 விழுக்காட்டில் பெற்றோர். அந்நியர் அல்ல, ஆசிரியர் அல்ல, பெற்றோர்.

இவர்களில் பெரும்பாலோர் களைப்பிலும் கடன் தொல்லையிலும் வாய் தவறுகிறவர்கள். அறுப்புக்கு ஆள் கிடைக்காத அன்று, மழை வந்து களத்து நெல் நனைந்த அன்று, எருமை என்றும் கழுதை என்றும் சொல்லிவிட்டு ராத்திரி பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பவர்கள். அதுவும் நல்லதல்ல. ஆனால் நான் பேசவந்தது வேறு வகை வீட்டைப் பற்றி. பிள்ளையின் சொந்தப் பெயர் புழக்கத்திலிருந்தே போய்விட்டு, அந்த இடத்தில் ஓர் இழிபெயர் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கும் வீடு.

அப்படிப்பட்ட வீடுகளில் சிலவற்றிலாவது, கூப்பிடுகிறவருக்கு ஆளுமைக் கோளாறு இருக்கக்கூடும். ஒருநாள் கோபத்தையும் குடித்துவிட்டுப் போடும் சத்தத்தையும் இந்தப் பெயரால் சொல்வதில்லை. வளரிளம் பருவத்திலோ இளமையிலோ தலைகாட்டி, பல ஆண்டுகள் நீடித்து, வீடு, வேலை, உறவு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வெளிப்படுகிற வளையாத போக்கு அது. தன்னைப் பற்றிய எண்ணமும் பிறரோடான உறவும் இரண்டுமே அதில் பழுதுபட்டிருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு அந்த வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதை முதன்மையாகப் பார்க்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வகை ஆளுமைக் கோளாறு இருக்கலாம் என்பது 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் மதிப்பீடு. அவர்கள் எல்லோரும் பிள்ளைகளை வதைப்பவர்கள் அல்ல. பிள்ளையை வதைக்கும் எல்லோருக்கும் இந்தக் கோளாறு இருப்பதுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த முத்திரையைக் குத்த நமக்கு உரிமையும் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் பலமுறை பார்த்துப் பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

ஆனால் அந்தக் கோளாறு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், பெயர் ஏன் கருவியாகிறது என்பது புரியும்.

தன்மோகம் முற்றிய தகப்பனை எடுத்துக்கொள்வோம். நார்சிசம் என்று அதைச் சொல்கிறார்கள். அவருக்குப் பிள்ளை இன்னொரு ஆள் அல்ல, தன் நீட்சி. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் ஊரெல்லாம் 'என் பையன்'. தவறவிட்டால் அந்தத் தோல்வி அவர் உடம்பிலேயே பட்ட அவமானம். அதைத் தன்னிடமிருந்து வெட்டி எறிய வேண்டும். அதற்கு ஒரு பெயர் தேவை. 'தண்டம்', 'தண்டச்சோறு', 'உருப்படாதது'. கவனித்தால் தெரியும், இவை பெரும்பாலும் அஃறிணையில் முடியும். 'அது சாப்பிட்டாச்சா?' 'இது எங்க போச்சு?' விருந்தாளி வந்திருக்கும்போது, கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால் இந்தப் பெயர் கூடுதல் சத்தத்தோடு வரும். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும். பிள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், 'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கிறது பாரு' என்று அடுத்த அடி.

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று ஒரு வகை உண்டு. பார்டர்லைன் என்று மருத்துவர்கள் சொல்வது. கைவிடப்படுவோம் என்ற தீராத பயமும், நிமிடத்தில் கொதித்து அடங்கும் உணர்ச்சியும் அதன் அடையாளங்கள். நல்லதும் கெட்டதும் கலந்த ஒரு மனிதரை அவர்களால் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க முடிவதில்லை. ஓட்டோ கெர்ன்பெர்க் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960களிலிருந்து இதை விரிவாக எழுதினார்: ஒருவர் முழுக்க நல்லவர், இல்லையேல் முழுக்கக் கெட்டவர். அப்படிப்பட்ட தாயிடம் பிள்ளை காலையில் 'என் தங்கம், நீதான்டி எனக்கு எல்லாம்'. மாலையில் பாட்டி வீட்டில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்துவிட்டு வந்தால் 'சனியன், என் உசிர வாங்கப் பொறந்தது'. அந்தத் தாய் நடிக்கவில்லை. இரண்டு நேரமும் அவள் சொல்வது அவளுக்கு முழு உண்மை. இந்தப் பெயர் மாற்றத்தைக் கேட்டு வளரும் குழந்தை வானிலை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் முகத்தைப் படிக்கும். பாத்திரம் வைக்கும் சத்தத்தில் இன்று தன் பெயர் என்ன என்று கணிக்கும்.

தமிழ்க் குடும்பத்துக்கென்று சில தனி ஆயுதங்களும் உண்டு. வெறுக்கும் உறவினரின் பெயரால் பிள்ளையைக் கூப்பிடுவது அதில் ஒன்று. நாத்தனாரோடு பகை என்றால், கோபம் வரும்போதெல்லாம் மகளை அந்த அத்தையின் பெயர் சொல்லி அழைப்பது. 'அப்படியே அவ அச்சு'. பிள்ளைக்கு அத்தை மேல் பிரியம் இருந்தால் அந்தப் பிரியமே குற்றமாகிறது. ஜாதகமும் கை கொடுக்கும். 'இது பொறந்த நேரம், வீட்ல ஒண்ணும் வெளங்கல' என்று ஆரம்பித்து மூதேவி, தரித்திரம், பீடை என்று போகும். வயல் விற்றது, கடை நொடித்தது எல்லாவற்றுக்கும் காரணம் ஐந்து வயதுப் பிள்ளை. தன் வாழ்க்கையின் தோல்வியை ஏற்க முடியாத மனத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஒரு பிள்ளைக்கு ராஜா என்றும் மற்றதற்குக் கழுதை என்றும் பெயர் வைத்து இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது இன்னொரு வழி. ராஜாவுக்கும் அதில் நிம்மதி கிடையாது. என்றைக்கு வேண்டுமானாலும் தானும் கழுதையாகலாம் என்பது அவனுக்குத் தெரியும்.

பெயரால் தாழ்த்துவது வீட்டுக்கு வெளியே பழைய கலை. நான்காம் வருணத்தாரின் பெயர் அருவருப்பைத் தருவதாக இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் வெளிப்படையாகவே விதிக்கிறது. தஞ்சைப் பண்ணைகளில் நரைத்த தலைக் கூலியாளைப் பண்ணை வீட்டுச் சின்னப் பையன் 'டேய்' போட்டுக் கூப்பிட்ட காலம் நெடுந்தொலைவில் இல்லை. சுயமரியாதை இயக்கம் பெயர் சூட்டலை ஒரு மேடை நிகழ்ச்சியாகவே ஆக்கியதன் காரணம் அது. ஒருவரை அடக்கி வைக்க வேண்டுமானால் முதலில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று ஆதிக்கத்துக்குத் தெரியும். ஒரே வேறுபாடு, பண்ணைக்கூலிக்குச் சாயங்காலம் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அங்கே அவரை அப்பா என்றும் மாமா என்றும் கூப்பிட ஆள் இருந்தார்கள்.

தைப்பூசத்தன்று திருவிடைமருதூரில் காவிரியில் தீர்த்தவாரி நடக்கும். அப்படி ஒரு பூசத்தில் படித்துறைக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர்களை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் பெயர், அப்பா பெயர், சட்டை நிறம், எல்லாம் சொல்லி மூன்று முறை அறிவித்தார்கள். அதே நிறச் சட்டையோடு எட்டு வயதுப் பையன் ஒருவன் எனக்குப் பத்தடி முன்னால் பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தபடி நின்றிருந்தான். திரும்பவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். 'டேய் தண்டம்!' என்றார். அவ்வளவு இரைச்சலிலும், சொல் முடிவதற்குள் பையனின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. அப்புறம்தான் தலை திரும்பியது. அந்த அப்பாவுக்கு ஏதேனும் கோளாறு இருந்ததா என்று சொல்ல நான் மருத்துவன் அல்ல. பயந்து தேடி வந்த மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தோள்கள் பேசியதை அறிவியலால் விளக்க முடியும்.

பெயர் மற்றச் சொற்களைப்போல ஒரு சொல் அல்ல. 1995இல் அமெரிக்காவில் மாண்டல், ஜுஸ்சிக், பிசோனி என்ற மூவர் செய்த சோதனையில், நாலரை மாதக் குழந்தைகள் மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயர் ஒலிக்கும் திசையில் அதிக நேரம் திரும்பியிருந்தன. எந்தச் சொல்லுக்கும் பொருள் தெரியாத வயது அது. 2005இல் வந்த இன்னொரு சோதனை இதைவிட வியப்பானது. நாம் பேசும்போது சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடுவதில்லை. குழந்தைக்கு அது ஒரே ஒலி வெள்ளம். ஆறு மாதக் குழந்தைகள் அந்த வெள்ளத்தில் தங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அடுத்து வரும் சொல்லைப் பிரித்தறிந்தன. அதாவது மொழிக்குள் நுழையக் குழந்தை பற்றிக்கொள்ளும் முதல் கைப்பிடிகளில் ஒன்று அதன் பெயர். சான்றிதழில் உள்ள பெயர் அல்ல, வீட்டில் அதை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அது.

அந்தப் பிடி வாழ்நாள் முழுக்கத் தளர்வதில்லை. 1959இல் இங்கிலாந்தில் நெவில் மோரே, ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி ஆட்களைக் கேட்டுக்கொண்டார். மறு காதில் வந்த எதுவும் அவர்கள் மனத்தில் தங்கவில்லை. ஆனால் அந்தக் காதில் அவர்கள் பெயரைச் சொன்னபோது மூன்றில் ஒருவர் கவனித்துவிட்டார். 1999இல் பிரான்ஸில் ஃபாபியன் பெரனும் அவர் குழுவினரும் தூங்குபவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். மற்றப் பெயர்களுக்குக் காட்டாத எதிர்வினையை, உறக்கத்திலும், சொந்தப் பெயருக்கு மூளை காட்டியது. நினைவிழந்து கிடக்கும் நோயாளியிடம் உணர்வின் தடம் இருக்கிறதா என்று தேடும்போது அவர் பெயரைச் சொல்லிப் பார்ப்பது இதனால்தான். காவலே இல்லாமல் எப்போதும் திறந்திருக்கிற கதவு அது. அந்தக் கதவு வழியாகத்தான் 'தண்டம்' உள்ளே போகிறது. மற்ற வசவைக் காதை மூடிக் கடந்துவிடலாம். பெயராகிவிட்ட வசவுக்கு உடம்பு தானாகத் திரும்பும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது நான்தான் என்று ஒப்புக்கொண்டாகிறது.

அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மார்ட்டின் டைச்சர். மெக்லீன் மருத்துவமனையில் அவரும் குழுவினரும் 500க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் ஆய்வு செய்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரின் வசவுக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், தன்னிலிருந்தே விலகி நிற்பதுபோன்ற உணர்வு ஆகியவை, வீட்டில் அடிபட்டவர்களிடம் இருந்ததைவிடக் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தன. வீட்டில் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஈடாக இருந்தன. 2009இலும் 2011இலும் அதே குழு மூளைப் படங்களை வெளியிட்டது. அடியோ பாலியல் கொடுமையோ இல்லாமல், வசவு மட்டும் கேட்டு வளர்ந்தவர்களின் மூளை அது. கேட்ட சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதியையும் பேச்சை உருவாக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையில் மாறுதல் தெரிந்தது. ஒலியையும் பேச்சையும் கையாளும் இடப்பக்க மேல் பொட்டு மடிப்பிலும் சாம்பல்நிறப் பொருளின் அளவு மாறியிருந்தது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் குறைவு, ஒரு குழுவுக்கு இருபது பேர் அளவில்தான். மாறுதல் வசவால்தான் வந்தது என்று இதை வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சொல்லால் அடிபட்டவர்களிடம், சொல்லைக் கையாளும் இடத்திலேயே வேறுபாடு தெரிவதை ஒதுக்கித் தள்ள என்னால் முடியவில்லை.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஊரில் ஒரு சமாதானம் உண்டு. திட்டினாலும் பாசமாகத்தானே இருக்கிறார்கள் என்று உறவினர் சொல்லுவதும் இதைத்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2014இல் அச்சான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. 13 வயதில் பெற்றோரிடம் கத்தலும் இழிசொல்லும் கேட்ட பிள்ளைகளிடம் அடுத்த ஆண்டில் மனச்சோர்வும் முரட்டு நடத்தையும் கூடியிருந்தன. பெற்றோர் மற்ற நேரத்தில் பாசமாக இருந்தது அந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. அணைப்பு அடியை அழிப்பதில்லை.

இனி அந்த நாயிடம் வருவோம். நியூயார்க் மாநிலத்தில் 793 தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜெஃப்ரி ஜான்சன் குழுவினரின் ஆய்வு 2001இல் வெளிவந்தது. சிறுவயதில் தாயின் கடும் வசவுக்கு ஆளானவர்களுக்கு, வளர்ந்தபின் எல்லைநிலை, தன்மோகம், சந்தேகப் போக்கு போன்ற ஆளுமைக் கோளாறுகள் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பெற்றோரின் மனநோய், பிள்ளையின் பிறவிக் குணம், அடிஉதை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. பாட்டி எறிந்த ஓடு அம்மாவின் மேல் பட்டு, அம்மா எறிவது பேத்தியின் மேல் விழுகிறது. பிள்ளையைச் சனியன் என்று கூப்பிடும் தாயின் சொந்தப் பெயரை அவள் வீட்டில் யாராவது அன்பாகச் சொல்லியிருப்பார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கேட்பதால் தாயின் குற்றம் மறைந்துவிடாது. நிறுத்த வேண்டிய இடம் எது என்று தெரியவரும்.

நிறுத்த முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. எல்லைநிலைக் கோளாறுக்கென்று ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், இளவயதில் தானே அந்தத் துயரத்தில் மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். மெக்லீன் மருத்துவமனையில் பத்தாண்டு பின்தொடர்ந்து பார்த்ததில் அந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. இது பிறவிச் சாபம் அல்ல. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகலாம் என்று தன் கோபத்தைப் பார்த்துத் தானே பயப்படும் ஒரு பெற்றோருக்குத் தோன்றினால், அதைவிடப் பெரிய காரியத்தை அவர் தன் பிள்ளைக்குச் செய்துவிட முடியாது.

பெற்றவர் மாறவில்லையென்றால்? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பச் சண்டையும் மனநோயும் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, தாத்தா பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ, தன்னை நம்பிய ஒரு பெரியவரோடாவது இருந்த உறுதியான பிணைப்பு.

அந்தப் பெரியவர் பெயராலும் அதைச் செய்யலாம். உ.வே. சாமிநாதையருக்கு இட்ட பெயர் வேங்கடராமன்; வீட்டில் சாமிநாதன், சாமா. திருவிடைமருதூருக்கு உலா பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் பாடம் கேட்க வந்தபோது, ஆசிரியர் அவர் பெயரை விசாரித்து, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே விரும்பி எடுத்துக்கொண்டார். பதினாறு வயதுப் பையனிடம் உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று அக்கறையோடு கேட்ட ஒரு பெரியவர். அந்தப் பெயரில்தான் இன்றும் அவரை அறிகிறோம்.

பதினெட்டு வயது நிரம்பியவர், சுமக்கப் பிடிக்காத பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியாகும். ஆனால் சிறுவர் விஷயத்தில் பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். சனியன், தண்டம் போன்றவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவற்றை எந்த அரசிதழும் நீக்கவும் முடியாது. அவற்றை நீக்க முடிந்தவர்கள் சுற்றியிருப்பவர்கள் மட்டும்தான்.

அத்தை, மாமா, வகுப்பாசிரியர், எதிர்வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் உங்களிடம் கேட்பது இதுதான். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பிள்ளை இழிபெயரால் கூப்பிடப்பட்டால், அந்தப் பெயரை விளையாட்டுக்குக்கூட நீங்கள் சொல்லாதீர்கள். மற்றவர் சொல்லும்போது சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இட்ட பெயரைத் தெரிந்துகொண்டு, பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வசவு மிரட்டலாகவோ அடியாகவோ மாறினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பெற்றவருக்கோ வளர்ந்துவிட்ட பிள்ளைக்கோ பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இரண்டும் கட்டணமில்லாதவை, இரவும் பகலும் எடுப்பார்கள்.